அடித்தண்ணீர்

கடல் பக்கத்துத் தண்ணீர் இன்னும் இறங்கவில்லை, இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது, இல்லை, பாசி பிடித்த சுவரில் ஈரக்கோடு அதே இடத்தில்தான் நிற்கிறது, நான்தான் பார்த்துப் பார்த்து அதை மனசால் கீழே தள்ளிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பென்னாகரத்துப் பக்கம் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தோடு காத்திருந்துதான் பழக்கம், எப்போது போகும் என்று காத்திருப்பது இந்தக் கீழத்தாழங்காட்டுக்கு மாற்றலாகி வந்த பிறகு தொற்றிக்கொண்டது. தாழையாற்றின் கடைசி ரெகுலேட்டர் மேல் நிற்கிறேன், ஊர்க்காரர்கள் வாயில் இது சட்ரஸ். முதுகுப் பக்கம் ஆறு, வயல், ஊர். முகத்துக்கு நேரே உப்பங்கழி, கொஞ்சம் தள்ளிக் கடல். நடுவில் ஐந்து இரும்புப் பலகைகள், ஐந்தும் மூடிக் கிடக்கின்றன. புயல் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமல் வடக்கே கரையேறிப் போய்விட்டது, ஆனால் போகிற போக்கில் மழையை மட்டும் இங்கே இறக்கி வைத்துவிட்டுப் போனது. மேலே எத்தனை ஊரில் பெய்ததோ அத்தனையும் வாய்க்கால் வழியாகவும் வடிகால் வழியாகவும் வந்து என் முதுகுக்குப் பின்னால் கூடி நிற்கிறது, வயலெல்லாம் முங்கிக் கிடக்கிறது, சம்பாப் பயிரின் நுனி அங்கங்கே தெரிகிறது, அவ்வளவுதான். பலகையைத் தூக்கினால் வடியும். ஆனால் கடல் ஏறி நிற்கும்போது தூக்கினால் வடியாது, உப்புத் தண்ணீர்தான் உள்ளே வரும், உப்பேறிய வயல் அடுத்த சாகுபடிக்கும் சேர்த்துக் கெடும். சீக்கிரம் தூக்கினால் உப்பு, தாமதித்தால் அழுகல், இரண்டுக்கும் நடுவில் ஒரு பொழுது இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்கத்தான் அரசாங்கம் மாதேஸ்வரி என்கிற இந்த உதவிப் பொறியாளரைக் குடையும் கையுமாக இங்கே நிறுத்தி வைத்திருக்கிறது. சாப்பாட்டு டப்பா ஜீப்பிலேயே கிடக்கிறது. பசியில்லை.

நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள், நதி முடிகிற இடத்தைப் பார்க்கக் கூடாதென்று யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என்ன ஆறு இது! ஒகேனக்கலில் பாறையைப் பிளந்துகொண்டு விழுகிற சத்தம் இருக்கிறதே, பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காது, வாயசைவைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அதே தண்ணீரா இது, இங்கே என் காலடியில் கூப்பிட்டாலும் திரும்பாமல் படுத்துக் கிடப்பது? வடிநிலம் என்று எங்கள் துறையில் ஒரு சொல் உண்டு, எந்த மண்ணில் விழுந்த மழையெல்லாம் ஒரே ஆற்றுக்கு வந்து சேர்கிறதோ அந்த மண் முழுக்க அந்த ஆற்றின் வடிநிலம். அந்தச் சொல்லைக் கல்லூரியில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது, பக்கத்தில் இருந்தவள் பரீட்சைக்கு வருமா என்று கேட்டாள். குடகில் யாரோ காப்பித் தோட்டத்துக்காரர் வாசலில் விழுந்தது, வயநாட்டில் ஓட்டுக்கூரையில் விழுந்தது, நீலகிரியில் தேயிலைச் செடிமேல் விழுந்தது, எங்கள் வீட்டு ஆட்டுப்பட்டியில் விழுந்தது, எல்லாம் ஒருவருக்கொருவர் முகம் தெரியாமலே ஒரே வழிக்கு வந்து சேர்கின்றன. பவானி வந்து சேர்கிறது, நொய்யல் வருகிறது, அமராவதி வருகிறது, கரூர் தாண்டும் வரைக்கும் வாங்குவதுதான் இந்த ஆற்றின் வேலை. முக்கொம்புக்கு வந்ததும் குணமே மாறிவிடுகிறது. அங்கே கொடுக்க ஆரம்பித்தால் அப்புறம் கை ஓய்வதில்லை, கொள்ளிடத்துக்குக் கொடு, கல்லணையில் வெண்ணாற்றுக்குக் கொடு, அது தன் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்க, அந்தப் பிள்ளைகள் வாய்க்காலுக்குக் கொடுக்க, ஒவ்வொரு பிரிவிலும் பெயர் மாறி, அகலம் குறைந்து, சத்தம் குறைந்து. எத்தனையோ காலமாகத் தானே சுமந்துவந்து போட்ட வண்டலின் மேல் அது ஓடுகிறது, அதனால் ஆறு மேட்டில், வயல் பள்ளத்தில். படத்தில் பார்த்தால் ஆலமரம் ஒன்று படுத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும், மேற்கே வேர், நடுவே அடிமரம், கிழக்கே கிளை. தாழையாறு அந்தக் கிளையில் ஒரு மயிரிழை. சில படங்களில் அதையும் விட்டுவிடுகிறார்கள், எனக்குக் கோபம் வரும், விட்டுவிட்டால் தண்ணீர் வராமல் போய்விடுமா என்ன.

வந்த புதிதில் இதே இடத்தில் நின்றுகொண்டு பக்கிரிசாமி அண்ணனிடம் கேட்டேன், இந்தப் பலகைகளை ஏற்றி இறக்குகிறவர் அவர்தான். “அண்ணே, ஆறு எந்தப் பக்கம் ஓடுது?” அவர் பீடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு மிக மரியாதையாகக் கேட்டார், “எந்த நேரத்துக்குக் கேக்குறீங்கம்மா?” கரையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மலையில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் ஒரு பக்கம்தான், மேலிருந்து கீழே, அதில் கேள்வியே கிடையாது, கேட்டால் பைத்தியம் என்பார்கள். இங்கே ஒரு கிலோமீட்டர் நடந்தாலும் ஒரு சாண் சரிவு தேறாது, தண்ணீருக்குக் கூட யோசித்துத்தான் போக வேண்டியிருக்கிறது. கடல் ஏறினால் ஆறு பின்வாங்கி நிற்கும், கடல் வற்றினால் நைசாக நழுவும். ஏத்தம், வத்தம், இந்த இரண்டு சொல்தான் இங்கே கடிகாரம். குளிக்கப் போகிறவர்கள் ஆத்துக்கு ஏறிப் போறேன் என்பார்கள், எனக்கு அது பழகவே ஒரு மழைக்காலம் ஆயிற்று, எங்கள் ஊரில் ஆற்றுக்கு இறங்கித்தான் போவோம், இறங்கி இறங்கி முழங்கால் விட்டுப்போகும். மேலூர்க்காரர் வேண்டாமென்று வடித்துவிடுகிற தண்ணீர்தான் அடுத்த ஊருக்குப் பாசனம், அவர்கள் வடித்தது அதற்கும் கீழே உள்ளவர்களுக்கு, இப்படிக் கைமாறிக் கைமாறி, ஒரு சொட்டை ஊரெல்லாம் உழுது பயிர் செய்துவிட்டுத்தான் கடலுக்கு அனுப்புகிறார்கள். ஆடிப்பெருக்கைக் கூட இந்த ஊரார் காலண்டர் பார்த்துக் கொண்டாடுவதில்லை. ஆடி பதினெட்டுக்கு மேற்கே எல்லாரும் சித்திரான்னம் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போது இங்கே ஆற்றில் ஆடு மேயும். தண்ணீர் வந்து இந்தப் பலகையைத் தொடுகிற அன்றைக்குத்தான் இவர்களுக்குப் பெருக்கு, போன வருஷம் ஆவணி பாதியில் வந்தது, அன்றைக்கு ராத்திரியோடு ராத்திரியாக அரிசி ஊறப்போட்டு, மறுநாள் காதோலை கருகமணி விட்டார்கள், எனக்கும் மஞ்சள் கயிறு கட்டினார்கள். வருகிறவளுக்கு நாள் குறிக்க நாம் யார் என்கிற அந்தப் பெருந்தன்மை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இப்போது வந்தவளை அனுப்பி வைக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கோடு இறங்கியிருக்கிறதா? ஒரு விரற்கடை இறங்கியிருக்கலாம். இல்லை, அது நிழல்.

“திரும்பிட்டு! திரும்பிட்டு!” கரையில் சத்தம். காலையிலிருந்து கரையில் உட்கார்ந்திருக்கிற கூட்டம் எழுந்துவிட்டது. எல்லாருக்கும் முன்னால் அமிர்தவல்லி அக்கா, சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகியபடி படியேறி என்னிடமே வந்துவிட்டார். குத்தகைக்கு எடுத்த வயல் அவருடையது, சட்ரஸை ஒட்டிய கடைசிப் பள்ளம். அந்த வட்டாரத்துத் தண்ணீரெல்லாம் கடைசியாகத் தேங்குவது அங்கேதான், பலகை கசிந்தால் உப்பு முதலில் ஏறுவதும் அங்கேதான். முங்கினாலும் அவர் வயல், கரித்தாலும் அவர் வயல். விடிகாலையில் அந்தத் தண்ணீருக்குள் இறங்கி ஒரு குத்துப் பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தார், வேர் இன்னும் உயிரோடு வெளுப்பாகத்தான் இருந்தது, ஆனால் தூரில் லேசாக ஒரு பழுப்பு, மோந்து பார்த்தால் ஒரு வாடை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் மூச்சு விட்டால் பிழைக்கும், விடாவிட்டால் நாளைக்கு வைக்கோலுக்குக் கூட ஆகாது. “பாருங்கம்மா, வெங்காயத்தாமரை கடலப் பாக்க ஓடுது. ஏத்தம் முடிஞ்சிட்டு. பக்கிரியண்ணனத் தூக்கச் சொல்லுங்க.” எட்டிப் பார்த்தேன். உண்மைதான். கடல் பக்கத்தில், இவ்வளவு நேரமாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்த வெங்காயத்தாமரைக் கொத்துகள் ஒவ்வொன்றாகக் கழன்று, கிழக்கே, கழி முகத்தைப் பார்த்து, கல்யாணத்துக்குப் போகிறவர்கள் மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பக்கிரிசாமி அண்ணன் கை சக்கரத்தின் மேல் இருந்தது. என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குங்க என்று ஒரு சொல். சொல்லிவிடலாம், எவ்வளவு நிம்மதி, எல்லாரும் கும்பிடுவார்கள். சொல்லப் போனேன். பின்கழுத்தில் சில்லென்றது. காற்று. காலையில் முகத்தில் அடித்த காற்று இப்போது முதுகில் அடிக்கிறது, புயல் வடக்கே ஏறினால் காற்று மேற்கேயிருந்து திரும்பும், வெங்காயத்தாமரையோ இலையெல்லாம் படகுப் பாய் விரித்த மாதிரி நிமிர்ந்து நிற்கிற செடி, அது போகிறது என்றால் தண்ணீர் போகிறது என்றா அர்த்தம், காற்று தள்ளினாலும் போகும்தானே.

“கொஞ்சம் இருங்கக்கா” என்றேன். என்னிடம் ஒரு பாட்டில் இருக்கிறது, கழுத்தில் கல்லைக் கட்டி, வாயில் தேங்காய் நார் அடைத்து, அந்த அடைப்புக்குத் தனியாக ஒரு கயிறு. தரை தட்டும் வரை இறக்கிவிட்டு அந்தக் கயிற்றைச் சுண்டினால் அடைப்புக் கழன்று அடியில் இருக்கிற தண்ணீர் மட்டும் உள்ளே போகும். கடல் பக்கத்துப் படியில் இறங்கி மேல்தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தேன், மழைத்தண்ணீர், சுத்தமான சப்பு. பாட்டிலை இறக்கிச் சுண்டி இழுத்து அடித்தண்ணீரை நாக்கில் வைத்தேன், கடல், அப்பட்டமான கடல், தொண்டை வரைக்கும் கரித்தது. அமிர்தவல்லி அக்காவிடம் நீட்டினேன். ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பினார். முகத்தில் ஆச்சரியமே இல்லை. “அடியில உப்பு கெடக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா? நா இந்தக் கரையில பொறந்து வளந்தவ. வந்தா என்னா, கொஞ்சந்தான் வரும், பொறவு மழ பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிரும். பயிரு மூச்சுமுட்டிக்கிட்டு கெடக்கு, அதுக்கு என்னா சொல்றீங்க?” பலகை கீழிருந்துதான் திறக்கிறது, மேலிருந்து இல்லை. தூக்கினால் முதலில் பேசுவது அடித்தண்ணீர்தான். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும்போது தூக்கினால் மேலே நம் தண்ணீர் வெளியே போகும், பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள், அதே நேரத்தில் கீழே கனத்த உப்பு சத்தமில்லாமல் உள்ளே ஊர்ந்து வரும். நம் பக்கம் ஒரு சாணாவது உசந்து நிற்க வேண்டும், அந்த உசரம்தான் உப்பை நெட்டித் தள்ளும். “கடல் பக்கம் ஒரு சாண் இறங்கட்டும்க்கா.” “சாணா? பொழுது சாஞ்சிரும்!” கூட்டத்தில் யாரோ, மலைக்காரம்மாவுக்கு நெல்லு மரத்துல காய்க்குதா செடியில காய்க்குதான்னு தெரியுமா என்றார். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு சாண். யார் கை சாண், என் கை சின்னது. சுவரில் வெள்ளையடித்த அளவுகோலில் எண் இருக்கிறது, ஆனால் நான் என் கையைத்தான் நினைத்துக்கொள்கிறேன், இங்கே வந்து எனக்கும் அப்படி ஆகிவிட்டது. அக்கா சொல்வது சரியாக இருந்தால்? உப்பு கொஞ்சம்தான் வந்து, மழை வந்து கழுவி, பயிரும் பிழைத்திருக்கும் என்றால், நான் காத்திருந்த இந்த நேரம்தான் அதைக் கொன்றது என்று ஆகும். நான் சொல்வது சரியாக இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை, வராத உப்பை யார் பார்த்தார்கள். போன் அடிக்கிறது, வீட்டுக்காரர், தர்மபுரியிலிருந்து. “என்ன பண்றா உன் ஆத்தா?” ஆற்றைத்தான் கேட்கிறார், என் அம்மாவை அத்தை என்பார், ஆற்றை உன் ஆத்தா என்பார். “படுத்திருக்கா.” “எழுப்பாத, தானா எழுந்திருப்பா. சாப்பிட்டியா?” “ம்” என்று பொய் சொல்லி வைத்தேன். நாக்கில் இன்னும் கரிப்பு. எனக்குத் தண்ணீர் ருசி தெரியும், வேறெதுவும் தெரியாவிட்டாலும் அது தெரியும். கொஞ்ச தூரத்தில் அவ்வளவு பெரிய ஆறு மலையிடுக்கில் ஓட, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், அதில் ஏதோ உப்பு, எங்கள் தெருவில் எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடு, எனக்கும் இருக்கிறது, கல்யாண போட்டோவில் கூட வாயை மூடிக்கொண்டுதான் சிரித்திருக்கிறேன். ராத்திரி காற்று திசை மாறினால் ஆற்றின் சத்தம் லேசாகக் கேட்கும். அது எங்கே போகிறது, யாருக்குப் போகிறது என்று படுத்துக்கொண்டே பொறாமைப்படுவேன். அமிர்தவல்லி அக்காவுக்குப் போனது. இந்த மனுஷியின் வயலுக்குத்தான் அது அத்தனை மலை தாண்டி வந்துகொண்டிருந்தது, இப்போது அந்த வயலிலேயே தேங்கி அவர் பயிரை அமுக்கிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் தப்பில்லை, போக வழியில்லை, வழி என் கையில். தண்ணீர் யாரையும் கெடுக்க நினைப்பதில்லை. கடல் தண்ணீரும் அப்படித்தான், சண்டை போடாமல், தனக்குக் கனம் அதிகம் என்று தெரிந்து அடியில் போய்ப் படுத்துக்கொள்கிறது, என்ன பதவிசு. பயத்திலும் எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆசைப்படுவதற்கு இதுவா நேரம், ஒருத்தி வயல் முங்கிக் கிடக்கிறது. அக்கா என் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். திட்டினால் தேவலை. முந்தானையில் முடிந்திருந்த வெற்றிலையை எடுத்தார், பாதியைக் கிள்ளி என்னிடம் நீட்டினார், நீட்டியவர் தானே, “வேணாம், நாக்கு மரத்துப்போயிரும், உங்களுக்கு வேலை இருக்கு” என்று திரும்ப எடுத்துக்கொண்டார். அவரும் போடவில்லை.

சுவரில் ஒரு சின்ன நண்டு. சற்றுமுன் அது இருந்த இடம் தண்ணீருக்குள், இப்போது வெளியே நின்று கண்ணை உருட்டுகிறது. அதற்குக் கீழே புதிதாக ஒரு பட்டை ஈரம், பளபளவென்று, மேலே உள்ள பாசியைவிடக் கருப்பாக. நிழல் இல்லை, இது நிழல் இல்லை. நண்டு ஒரு எட்டு இறங்கியது, தண்ணீர் அதற்கு முன்னால் இறங்கியது. பார்த்துக்கொண்டே இருந்தேன், பொழுது மெல்ல மேற்கே சாயத் தொடங்கியது. கழி முழுக்க ஒரு நெளிவு, வெங்காயத்தாமரை இப்போது காற்றைவிட வேகமாகப் போகிறது, ஆட்டமில்லாமல், கீழே யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி. நம் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், நம் பக்கம், அந்தப் பக்கம். என் கைக்கு ஒரு சாண் வித்தியாசம். “ஒரு பலகை தூக்குங்கண்ணே, நடுவுல உள்ளது, கொஞ்சமா.” என் குரல் எனக்கே கேட்கவில்லை, ஆனால் அவர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் கிறீச்சிட்டது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் பலகைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் அடியிலிருந்து குமுறிக்கொண்டு மேலே வந்தது, மஞ்சளாக, செம்மண் கலந்து, நுரை கட்டி, எங்கள் மலை மண்ணோ குடகு மண்ணோ இவர்கள் வயல் மண்ணோ, எல்லாம் கலந்த மண். அந்தச் சத்தம், ஒகேனக்கல் சத்தத்தின் கடைசிப் பேத்தி மாதிரி ஒரு சத்தம், எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கரையில் யாரும் ஆரவாரம் செய்யவில்லை, அவர்களுக்கும் தெரியும், மேலே போவதைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அமிர்தவல்லி அக்கா எழுந்து பாட்டிலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். நார் அடைப்பைத் தானே வைத்து அழுத்தினார். வயல் பக்கத்துச் சுவரில் குனிந்து, திறந்த பலகைக்கு நேர் பின்னால், கல் தரையைத் தட்டும் வரை இறக்கினார், இறக்கிவிட்டு உடனே சுண்டவில்லை, கயிற்றை விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உப்பு வந்திருந்தால் இந்நேரம் அங்கேதான் இருக்கும். பிறகு சுண்டினார், இழுத்தார், கலங்கல் தண்ணீரை அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டார். கன்னம் உப்பியிருந்தது, கண்ணை மூடியிருந்தார், பக்கிரிசாமி அண்ணன் சக்கரத்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தார், கரையில் எல்லாரும் பார்த்தார்கள். அவர் துப்பவில்லை. அத்தனை சேற்றையும் மடக்கென்று விழுங்கினார். விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “மிச்சம் நாலையும் தூக்கச் சொல்லுங்கம்மா” என்றார்.